கோதுமைச் சாக்கும் சிவப்புப் பெட்டியும்

"லைப்ரரிக்குப் போகிறோம்" என்று சொன்னதும் வகுப்பில் பாதி முகங்கள் தொங்கிப்போயின. "புக் எடுக்கலாமா ஆன்ட்டி?" என்று ஒருத்தி கேட்டாள். எடுக்க முடியாது என்றேன். "அப்போ எதுக்கு லைப்ரரின்னு பேரு?"

நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்கு வடக்கே, வார இறுதியில் நடக்கும் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளியில் எட்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போவோம். பூசணித் தோட்டம், உயிரியல் பூங்கா, கோயில் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த முறை, அறுபதுகளில் அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் பெயரில் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கும் அதிபர் நூலகத்துக்குப் போகலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலில் வந்த பதில்: "சூப்பர்! ராக்கெட் எல்லாம் பார்க்கலாம்!" அது ஹூஸ்டன். விண்வெளி மையத்துக்கு 1973இல் அவர் பெயரை வைத்ததில் வந்த குழப்பம். இரண்டாவது பதில் கொஞ்சம் காரம்: "வியட்நாம் சண்டை போட்டவர்தானே, அவரைப் பார்த்து நம்ம பசங்க என்ன கத்துக்கணும்?" இதற்கு உடனே பதில் போடவில்லை. அந்தக் கேள்வியையே பயணத்துக்குப் பயன்படுத்தலாமே என்று தோன்றியது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அதிபர் நூலகம் என்பது புத்தகம் இரவல் தரும் இடமில்லை. அது ஓர் ஆவணக் காப்பகம், அதன் வாசலில் ஓர் அருங்காட்சியகம். ஒரு காலத்தில் அமெரிக்க அதிபர்கள் பதவி முடிந்ததும் கடிதங்கள், கோப்புகள் எல்லாவற்றையும் சொந்தச் சொத்தாக மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். சில எரிந்தன, சில விற்கப்பட்டன, சில பரணில் கிடந்து செல்லரித்தன. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்தான் என் காகிதங்களை நாட்டுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கில் தன் வீட்டு நிலத்திலேயே கட்டிடம் எழுப்பினார். 1941இல் அது திறந்தது. பிறகு 1955இல் ஒரு சட்டம் வந்தது. கட்டிடத்தை ஆதரவாளர்கள் தனியார் பணத்தில் கட்டிக் கொடுப்பார்கள், தேசிய ஆவணக் காப்பகம் அதை ஏற்று நடத்தும் என்று ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. பெண் வீட்டார் செலவில் எடுத்த கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சண்டை இருக்காது. கீழே அருங்காட்சியகச் சுவரில் இருப்பது ஆல்பம். மேலே காப்பகப் பெட்டிகளில் இருப்பது சண்டை உட்பட எல்லாம். பிள்ளைகளுக்கு இந்த ஒன்று பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் உபரி என்று முடிவு செய்துகொண்டேன்.

தேதி குறிப்பதில்தான் முதல் அடி விழுந்தது, அதுவும் என் கையாலேயே. அக்டோபரில் வெயில் தணிந்திருக்கும் என்று ஒரு சனிக்கிழமையைக் குறித்து, பெற்றோர் ஒப்புதல் படிவம் எல்லாம் அனுப்பிவிட்டேன். ஒரு மாணவியின் அப்பா தனியாக போன் செய்தார். "மேடம், அன்னிக்கு ஹோம் கேம். ஸ்டேடியம் பக்கத்துலயே இருக்கு. நம்ம வண்டி அந்த ஏரியாவுக்குள்ளயே நுழையாது." பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். நூலகத்திலிருந்து நடந்தே போய்விடலாம் அந்த மைதானத்துக்கு. ஒரு லட்சம் பேர் உட்காரும் இடம். ஆட்ட நாளில் ரெட் ரிவர் தெரு பங்குனி உத்திரத்தன்று பழனி அடிவாரம் மாதிரி இருக்கும். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இது தோன்றவில்லை. எல்லோருக்கும் மன்னிப்புச் செய்தி அனுப்பி, மார்ச் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். தள்ளிப்போனதில் ஒரு லாபம், சாலையோரமெல்லாம் புளூபானெட் நீலமாகப் பூத்திருக்கும் காலம் அது. அந்தப் பூவுக்கும் நூலகத்துக்கும் சம்பந்தம் உண்டு. நெடுஞ்சாலை ஓரங்களில் விளம்பரப் பலகைகளையும் பழைய இரும்புக் கிடங்குகளையும் குறைக்க 1965இல் வந்த சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட். காட்டுப் பூக்கள்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

ஆறு மாதம் கையில் கிடைத்ததால் கொஞ்சம் ஒழுங்காகவே தயார் செய்ய முடிந்தது.

முன்பு ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனபோது இருபது கேள்விகள் கொண்ட தாள் அடித்துக் கையில் கொடுத்திருந்தேன். எங்கள் பிள்ளைகள் மதிப்பெண் பிசாசுகள். தாளைப் பார்ப்பார்கள், விடை இருக்கும் பலகையைத் தேடி ஓடுவார்கள், எழுதுவார்கள், அடுத்தது. எதிரில் நின்ற பொருளை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தத் தாள் என் வாழ்நாள் தவறு. இந்த முறை ஆளுக்கு ஒரு அட்டை, அதில் மூன்றே வரி. உன் குடும்பத்தைத் தொட்ட ஒரு தேதியைக் கண்டுபிடி. அவருக்கு நீ போன் செய்தால் என்ன கேட்பாய்? இங்கே எது இல்லை?

கடைசிக் கேள்வியைப் பார்த்து ஒரு பையன், "இல்லாததை எப்படி ஆன்ட்டி பார்க்கறது?" என்றான். அதற்குத்தான் முன்கூட்டியே வகுப்பு.

இரண்டு வகுப்புகள் எடுத்தேன். முதலாவதில் குடியேற்றச் சட்டம். 1946க்குப் பிறகு இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேர் மட்டுமே குடியேறி வரலாம் என்று ஒதுக்கீடு இருந்தது. அதற்கு முன் அதுவும் இல்லை. 1965 அக்டோபர் 3ஆம் தேதி சுதந்திர தேவி சிலையின் காலடியில் மேசை போட்டு உட்கார்ந்து ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. அன்று அவர் சொன்ன வாசகத்தைப் பலகையில் எழுதினேன்: இது புரட்சிகரமான மசோதா அல்ல, கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கையை இது பாதிக்கப் போவதில்லை. வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொன்னேன். இருபத்தாறு பிள்ளைகள், ஊர் கேட்டால் மதுரை, திருச்சி, உடுமலை, யாழ்ப்பாணம். ஒருத்தி மெதுவாக, "ஹி வாஸ் ராங்" என்றாள். தமிழில் சொல் என்றேன். "அவர் தப்பா சொல்லிட்டார். ஆனா நல்ல தப்பு."

இரண்டாவது வகுப்பு தொலைபேசி. ஜான்சன் தன் தொலைபேசிப் பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். கிட்டத்தட்ட 640 மணி நேரம். தான் இறந்து 50 வருடம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் இறந்தது 1973 ஜனவரியில். அந்தக் கணக்குப்படி 2023 வரை பூட்டியே இருந்திருக்க வேண்டும். ஆனால் நூலகம் 1990களிலேயே திறக்கத் தொடங்கியது, நாடா நைந்து போகும் என்ற பயமும் ஒரு காரணம். இன்று இணையத்திலேயே கேட்கலாம். நான் தேர்ந்தெடுத்தது 1964 மே 27ஆம் தேதி, பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியுடன் வியட்நாம் பற்றிப் பேசியது. இதற்காகச் சண்டை போடுவது தகாது என்று நினைக்கிறேன், ஆனால் வெளியே வரவும் முடியும் என்று தோன்றவில்லை என்கிறார். டெக்சாஸ் இழுவையில், களைத்துப்போன குரல். பிறகு என்ன ஆனது என்பதைப் பலகையில் எழுதினேன். 1968 முடிவில் வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கு மேல் அமெரிக்கத் துருப்புகள். போர் ஓய்வதற்குள் 58,000க்கு மேல் அமெரிக்கர்கள் செத்தார்கள், வியட்நாமியர் எத்தனையோ மடங்கு. வகுப்பில் சத்தமே இல்லை.

(எச்சரிக்கை: பிள்ளைகளைத் தனியாகத் தேட விடாதீர்கள். அதே 1964இல் ஒரு துணிக் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டு, கால்சட்டை எங்கே இறுக்குகிறது, எங்கே ஒரு அங்குலம் விட வேண்டும் என்று அதிபர் அங்கம் அங்கமாக விவரிக்கும் பதிவு ஒன்று உண்டு. அடுத்த வாரம் வகுப்பு முழுவதும் அதையே நடித்துக் காட்டியது. இரண்டு அம்மாக்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.)

நடைமுறைச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவாகப் போனால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம், கையில் இன்னும் ஒருவர் உபரி. மூன்று குழுவாகப் பிரித்து, ஒன்றைப் பத்தாம் தளத்திலிருந்து தொடங்கச் சொன்னோம், இல்லையென்றால் எல்லாரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் வைத்தால் பன்னிரண்டு வயதுக் கால்கள் கெஞ்சும், வாய் கெஞ்சாது, தொல்லை கொடுக்கும். சாப்பாடு வெளியே புல்வெளியில்தான். சாப்பாட்டுப் பட்டியலைப் போட்ட அம்மா புளியோதரை என்று எழுதிவிட்டார். ஒரு பையனுக்கு வேர்க்கடலை ஆகாது. முந்தின இரவு பத்து மணிக்குத்தான் ஞாபகம் வந்தது, வதக்கிய கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் போதுமா என்று ஒரு விவாதம். போதாது. கிளறிய கரண்டி உட்பட எல்லாம் கணக்கு. காலையில் எலுமிச்சைச் சோறாக மாறியது, அதுவும் கடலை போடாமல்.

உபரிப் பெரியவராக வந்தவர் ஒரு மாணவியின் அம்மாயி. உடுமலைப் பக்கம், வயது எழுபது தாண்டிவிட்டது. ஆறு மாத விசாவில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். "வூட்லயே உக்காந்து சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு, புள்ளைங்களோட வர்றனுங்க" என்றார். கணக்குக்கு மேல் ஒரு ஆள் கூடுகிறாரே என்றுதான் சரி சொன்னேன். அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

கட்டிடம் வெளியிலிருந்து பார்க்க ஒரு பெரிய வெள்ளைக் கல் பெட்டி. கார்டன் பன்ஷாஃப்ட் வடிவமைத்தது, 1971 மே மாதம் திறந்தது, பத்துத் தளம். உள்ளே பெரிய கூடத்துக்கு வந்து தலையைத் தூக்கினால்தான் ஏன் வந்தோம் என்று புரியும். கண்ணாடிக்குப் பின்னால், நான்கு தளம் உயரத்துக்கு, வரிசை வரிசையாகச் சிவப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் தங்க நிற முத்திரை. மொத்தம் நாலரைக் கோடிப் பக்கங்கள் இந்தக் கட்டிடத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். பேச்சு நின்றது, எனக்கே ஆச்சரியம்.

அம்மாயி என் கையைத் தொட்டார். "இத்தனையும் கணக்குப் பொஸ்தகமுங்களா டீச்சர்?"

அதைவிடச் சரியாக யாரும் கேட்டதில்லை. ஆமாம்மா, ஒரு வகையில் கணக்குதான் என்றேன்.

திறப்பு விழாவில் ஜான்சன், எங்கள் காலத்தின் கதை பட்டை உரித்தபடியே இங்கே இருக்கிறது என்றார். தவறு, அசிங்கம், பிடிக்காதது எதையும் கோப்பிலிருந்து எடுக்கவில்லை என்றும் சொன்னார். பேச்சு பெட்டிகளைப் பற்றித்தான், சுவரைப் பற்றி இல்லை என்று நான் பிள்ளைகளிடம் சேர்த்துச் சொன்னேன். சுவரையும் குறை சொல்ல மாட்டேன். வியட்நாமை மறைக்கவில்லை. ஆனாலும் ஒருவரின் வீட்டில் போய் அவர் கதையைக் கேட்கும் உணர்வு போகாது.

பத்தாம் தளத்தில் வெள்ளை மாளிகை ஓவல் அறையின் நகல் இருக்கிறது. அசலில் எட்டில் ஏழு பங்கு அளவு. மூன்று தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் மூன்று சேனலையும் பார்ப்பாராம். "எங்க தாத்தா மாதிரி, ஆனா அவர் ரிமோட்ல மாத்துவார்" என்றான் ஒருவன். கீழே இயந்திரப் பொம்மை ஜான்சன் கையை ஆட்டி நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் சிரித்தோம். சின்னவர்கள் அந்தக் கண் இமைப்பதைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்கள். எனக்கும் அந்தப் பொம்மை பிடிக்கவில்லை, உண்மையைச் சொன்னால்.

கூடத்துக்குத் திரும்பித் தலை எண்ணினோம். இருபத்தைந்து. மறுபடி எண்ணினோம். இருபத்தைந்து. வயிற்றில் புளி கரைத்தது. "இல்லாததை எப்படிப் பார்ப்பது" என்று கேட்டானே, அவனையே காணவில்லை. தேடிப் போனால், பழைய காலத்து ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறான். அதிபரின் பேச்சுப் பதிவுகளைக் கேட்க அங்கங்கே வைத்திருக்கிறார்கள். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. "கத்தப் போனேன், ஆனால்" என்று எழுதினால் அழகாக இருக்கும். கத்தவே செய்தேன். பிறகுதான் கேட்டேன், என்னடா கேட்கிறாய் என்று. "ஆன்ட்டி, அவர் பேசிட்டே இருக்கார், ஆனா நடுவுல சும்மா இருக்கார்ல, அப்ப மூச்சு விடறது கேக்குது."

புல்வெளியில் சாப்பிடும்போதுதான் அம்மாயி கேட்டார். "இந்தப் பெரீவரு காலத்துல நம்மூருக்கு ஒன்னும் பண்ணுலீங்களா?"

செய்தார், கோதுமை அனுப்பினார் என்றேன். 1965, 66 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இந்தியா வெளியிலிருந்து இறக்கியது, பெரும்பகுதி அமெரிக்காவின் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டக் கோதுமை. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அந்தக் காலத்தைச் சொல்வார்கள். ஆனால் ஜான்சன் மொத்தமாகக் கொடுக்கவில்லை. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மாதக் கணக்கில் அளந்து விட்டார். விவசாயத்துக்குப் பணம் ஒதுக்கு என்ற நெருக்குதல் ஒரு பக்கம். வியட்நாம் விஷயத்தில் இந்தியா தன்னைக் குறை சொல்கிறதே என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். எந்தக் கப்பல் எப்போது கிளம்ப வேண்டும் என்பதையே அவர் மேசையில் வைத்து முடிவு செய்தார்.

அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பேச வேண்டியிருந்தவர் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்து ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அடுத்த வருடம் மெக்சிகோவிலிருந்து அதிக விளைச்சல் தரும் குட்டைக் கோதுமை விதை 18,000 டன் வந்தது. பசுமைப் புரட்சி என்று பின்னால் பெயர் வைத்தோம்.

"சி.எஸ்.ஸுங்களா? பொள்ளாச்சிக்காரருங்க!" அம்மாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். தட்டு மடியில், கை பாதியில் நின்றது. "எங்கப்பாரு அவரு கூட்டத்துக்கெல்லாம் போவாருங்க. அறுவத்தேழுல தோத்துட்டாருங்க பாவம்."

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் யாருக்கும் மனமில்லை. நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் தகரத்திலிருந்து கரைத்துக் கொடுத்த பால் பவுடர், அதன் அடியில் தட்டுப்படும் கட்டி. மக்காச்சோள மாவு உப்புமா, மஞ்சளாக, ஒரு வாசத்தோடு. சாஸ்திரி சொன்னார் என்று திங்கட்கிழமை ராத்திரி அவர் அப்பா சாப்பிடாமல் படுத்தது. ரேஷனில் முதல் தடவை கோதுமை போட்டபோது அதை என்ன செய்வது என்று தெரியாமல், அரிசி மாதிரியே வேகவைத்தது. "வேகவே இல்லீங்க. வெறகு தீந்துது, கோதும வேவுல. எங்காத்தா அழுதுட்டே கெளறுனா." அந்தச் சாக்கில் இரண்டு கை குலுக்கிக்கொள்ளும் படம் போட்டிருக்கும். சாக்கைத் துவைத்து, அவர் தம்பிக்கு அதில் டவுசர் தைத்தார்கள். கை குலுக்கும் படம் சரியாகப் பின்பக்கம் வந்துவிட்டது. ஊரே சிரித்ததாம்.

இருபத்தாறு பிள்ளைகளும் சிரித்தார்கள். கால்சட்டைப் பதிவைக் கேட்டவர்கள் கொஞ்சம் அதிகமாகவே.

அவருடைய பேத்தி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாயி, இது உள்ள இல்லையே?" நாங்கள் போன வழியில், பார்த்த வரையில், கண்ணில் படவில்லை என்று நான் சொன்னேன். ஆனால் மேலே பெட்டிகளில் இந்தியா என்று பெயர் போட்ட கோப்புகளே இருக்கின்றன. கடிதம், தந்தி, கப்பல் கணக்கு, யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்ற குறிப்பு. பத்தாம் தளத்தில் வாசிப்பறை, ஆய்வாளர்கள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். "டவுசர் இருக்குமா?" என்றான் ரிசீவர் பையன். இருக்காது என்றேன். அவன் குனிந்து அட்டையில் எழுத ஆரம்பித்தான். எட்டிப் பார்த்தேன். மூன்றாவது கேள்விக்கு எதிரே, எழுத்துப் பிழையோடு: டவுசர், கோதுமை வேகாத்து.

திருத்தவில்லை.

திரும்பி வரும் வழியில் ஐ-35 நெடுஞ்சாலை வழக்கம்போல நெரிசலில் நின்றது. சாலையோரம் நீலப் பூ. பின் சீட்டில் அம்மாயி தூங்கிவிட்டார், மடியில் மீந்த எலுமிச்சைச் சோற்று டப்பா. வியட்நாம் பற்றிக் கேட்ட அந்தப் பெற்றோர் இரவு எழுதினார். தன் மகள் இரண்டாம் கேள்விக்கு எழுதியிருந்ததைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அவள் ஜான்சனுக்குப் போன் செய்தால் கேட்பாளாம்: உங்களுக்கே பிடிக்காத சண்டையை ஏன் நிறுத்தவில்லை? கீழே அவர் வேறொன்றும் எழுதவில்லை, ஒரு கட்டைவிரல் மட்டும்.

மறுநாளே குழுவில் அடுத்த வருடத் திட்டம் கிளம்பிவிட்டது. டெக்சாஸில் இன்னும் இரண்டு அதிபர் நூலகங்கள் உண்டு, அப்பா புஷ்ஷுக்கு காலேஜ் ஸ்டேஷனில், மகன் புஷ்ஷுக்கு டாலஸில். டாலஸ் தூரம், காலேஜ் ஸ்டேஷன் என்றால் காலையில் போய் இரவு வந்துவிடலாம் என்று முடிவாயிற்று. அக்டோபர் நன்றாக இருக்குமே என்று யாரோ போட்டார்கள். நான் பதில் போடுவதற்கு முன் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அட்டவணையைத் திறந்தேன்.